குனிந்த தலையும் குற்றத்தின் அளவும்

மாலை நேரம். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த அண்ணனும் தம்பியும் திடீரெனக் கூக்குரல் எழுப்புகின்றனர். ஓடிச் சென்று பார்க்கிறோம். தம்பியின் உதட்டில் இரத்தம். அண்ணன் திகைத்து நிற்கிறான். "வேண்டுமென்று இடிக்கவில்லை, அப்பா, இவன்தான் குறுக்கே வந்து குனிந்தான்" என்கிறான். அவன் சொல்லி முடிப்பதற்குள் நம் கை முந்திக்கொள்கிறது. மறுநாள் அதே அண்ணன் அதே வேகத்தில் பாய்ந்து அதே விதமாய் இடிக்கிறான். நல்லவேளையாக எவருக்கும் அடி படவில்லை. நாமோ செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுப்பதும் இல்லை.

அப்படியானால் முதல் நாள் நாம் தண்டித்தது எதை? பிள்ளையின் செயலையா, அல்லது தம்பியின் உதட்டில் கசிந்த இரத்தத்தையா?

அன்பு வாசகர்களே, வீட்டு வாசலில் எழும் இச்சிறு வினாவுக்கு விடை தேடி, ஒரு பெரிய நாடு தன் விளையாட்டுத் திடலில் நூறாண்டுகளுக்கும் மேலாகத் தடுமாறி வருகிறது. அமெரிக்கக் கால்பந்து என்னும் ஆட்டத்தைப் பற்றியே இம்மாதம் நாம் சிந்திக்கவிருக்கிறோம். பெயர் கால்பந்து என்றாலும், அதில் காலுக்கு வேலை குறைவு. இரு முனையும் கூர்ந்த நீண்ட பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், தோழனுக்கு எறிவதுமே ஆட்டம். அணிக்குப் பதினொருவர். நான்கு முயற்சிகளுக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். பந்தோடு வருபவனை மோதி வீழ்த்துவதே எதிரணியின் கடமை. ஆகவே மோதல் இவ்வாட்டத்தில் பிழையன்று, மோதலே ஆட்டம். எந்த மோதல் வீரம், எந்த மோதல் குற்றம் என்று பிரித்துக் காண்பதில்தான் சிக்கல் எழுகிறது.

காவலே ஆயுதமான கதை

1905-ஆம் ஆண்டில் மட்டும் இவ்வாட்டத்தில் குறைந்தது 18 இளைஞர்கள் உயிரிழந்தனர். நாடெங்கும் கண்டனம் எழுந்தது. அன்றைய குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களின் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். 1906-இல் விதிகள் திருத்தப்பட்டன. பந்தை முன்னோக்கி எறியலாம் என்ற அனுமதி அப்போது பிறந்ததே. கூட்டமாய்க் குவிந்து நசுக்கும் ஆட்டம், பரந்து விரிந்து ஓடும் ஆட்டமாக மாறத் தொடங்கியது.

பின்னர்த் தலையைக் காக்கக் கவசம் வந்தது. முதலில் தோலால் செய்யப்பட்டது. பிறகு கெட்டியான பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டது. தொழில்முறை ஆட்டத்தில் 1943-இல் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. ஆனால் மனித இயல்பின் விந்தையைப் பாருங்கள். வெறுந்தலையோடு ஆடியவன் தன் தலையை அஞ்சிக் காத்தான். கவசம் அணிந்தவனோ அதையே சம்மட்டியாக்கிக்கொண்டான். தலையைக் குனிந்து, கவசத்தின் உச்சியால் எதிரியின் மார்பிலும் முகத்திலும் பாயும் பழக்கம் பரவியது. ஈட்டி பாய்வதற்கு ஒப்பிட்டே அதற்குப் பெயரும் இட்டனர்.

இப்பழக்கம் தாக்கப்பட்டவனை மட்டும் கெடுக்கவில்லை. பிலடெல்பியாவில் பணியாற்றிய ஜோசப் டார்க் என்னும் மருத்துவர், கழுத்து முறிந்த ஆட்டக்காரர்களின் விவரங்களைத் திரட்டி ஆராய்ந்தார். தலை நிமிர்ந்திருக்கும்போது கழுத்தெலும்புகள் இயல்பான வளைவோடு இருக்கும். அதிர்ச்சியைத் தசைகள் தாங்கிக்கொள்ளும். தலையைச் சற்றே குனிந்தால் அவ்வளைவு மறைந்து, கழுத்து நேரான கோல்போல் ஆகிவிடும். அந்நிலையில் உச்சந்தலை மோதினால் தலை நின்றுவிடும், உடலோ நிற்காது. இரண்டிற்கும் இடையே அகப்பட்ட கழுத்து நொறுங்கும். இடிக்கப் பாய்ந்தவனே கைகால் முடங்கிக் கிடப்பான்.

1976-இல் கல்லூரிகளும் உயர்நிலைப் பள்ளிகளும் தலையால் முதலில் மோதுவதை விதியால் தடுத்தன. டார்க் தொகுத்த கணக்கின்படி, அவ்வாண்டு ஆட்டப் பருவத்தில் கழுத்து முறிந்து நிரந்தரமாக முடங்கியோர் 34 பேர். 1984-இல் 5 பேர். ஒரு விதியும், அதை ஒட்டி மாறிய பயிற்சி முறையும் எத்தனை இல்லங்களின் கண்ணீரைத் தடுத்தன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தண்டனை என்பது பழிவாங்கல் அன்று, அது காவல் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமோ?

கொடி விழாத நாள்

ஆயினும் விதி எட்டாத இடங்கள் இருந்தன. 1978 ஆகஸ்டு 12. கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரில் ஓர் ஆட்டம். பருவம் தொடங்குவதற்கு முன் நடைபெறும், வெற்றி தோல்விக் கணக்கில் சேராத ஆட்டம் அது. நியூ இங்கிலாந்து அணியின் டாரில் ஸ்டிங்லி என்னும் 26 வயது இளைஞர், தமக்கு எட்டாமல் பறந்த பந்தைப் பிடிக்கத் தாவினார். எதிரே ஓக்லாந்து அணியின் ஜாக் டேட்டம் பாய்ந்து வந்தார். ஸ்டிங்லியின் தலைக்கவசம் டேட்டமின் தோட்காப்பில் மோதியது. ஸ்டிங்லி கீழே விழுந்தார். அதன்பின் அவர் எழுந்து நடக்கவே இல்லை. 2007-இல் தம் 55-ஆம் வயதில் இறக்கும்வரை சக்கர நாற்காலியிலேயே வாழ்ந்தார்.

ஆட்டத்தில் விதிமீறலைக் கண்ட நடுவர் மஞ்சள் துணி ஒன்றைத் தரையில் எறிவார். அதைக் கொடி என்பர். அன்று கொடி விழவில்லை. அன்றைய விதிகளின்படி அம்மோதல் குற்றமன்று. டேட்டமுக்குத் தண்டனை எதுவும் இல்லை. தாம் முறையாகவே ஆடியதாக அவர் வாதிட்டார். கொலைஞன் என்று தம்மைப் பிறர் அழைத்ததையே தலைப்பாக்கி 1980-இல் ஒரு நூலும் வெளியிட்டார். இருவரும் இறுதிவரை மனம் ஒன்றவில்லை.

இங்கே நாம் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதக் கூடாது. டேட்டம் விதியை மீறவில்லை. அவருக்குக் கற்பிக்கப்பட்டதை, எதற்காகப் பாராட்டப்பட்டாரோ அதைச் செய்தார். ஆனால் ஓர் இளைஞனின் வாழ்வு பாழானது. விளைவைக் கண்டு தண்டிப்பதாயின், விதிக்கு உட்பட்டு ஆடியவரைத் தண்டிக்க நேரிடும். விதியை மட்டும் கண்டு விட்டுவிடுவதாயின், அவ்விளைஞனுக்கு யார் பதில் சொல்வது? நீதியின் தராசு இவ்விடத்தில் தடுமாறுவதை மறுக்க இயலாது.

எதை வைத்து அளப்பது?

குற்றத்தை அளக்க மூன்று கோல்கள் உள்ளன. முதலாவது காயம். அடி பெரிதானால் தண்டனையும் பெரிதாகுக என்பது. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் தலைக்கு நேரும் தீங்கு எப்போதும் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிட்ஸ்பர்க் அணியின் நடுநாயகமாய்ப் பல்லாண்டு ஆடிய மைக் வெப்ஸ்டர் 2002-இல் தம் 50-ஆம் வயதில் இறந்தார். இறுதிக் காலத்தில் நினைவும் தெளிவும் குலைந்து அல்லலுற்றவர் அவர். அவருடைய மூளையை ஆராய்ந்த மருத்துவர் பென்னட் ஒமாலு, மீண்டும் மீண்டும் பட்ட இடிகளால் மூளை நாளடைவில் சிதையும் நோயின் அடையாளங்களைக் கண்டு 2005-இல் வெளியிட்டார். எந்த ஆட்டத்தில், எவர் இடித்த இடி அது? சொல்ல முடியுமா? காயம் தெரிந்தபின் தண்டிப்போம் என்றால் முப்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது கோல் உள்நோக்கம். வேண்டுமென்று செய்தானா என்று கேட்பது. இதுவும் நியாயமே. ஆனால் நொடிப்பொழுதில் நிகழும் மோதலில் ஒருவன் உள்ளத்தை நடுவர் எப்படிப் படிப்பார்? உள்நோக்கத்தை மெய்ப்பித்தால்தான் தண்டனை என்றால் எவரும் தண்டனை பெறார். வெறும் முகக்குறியைக் கண்டு உள்நோக்கத்தை ஊகித்தாலோ, முன்பே கெட்ட பெயர் எடுத்தவனே எப்போதும் அகப்படுவான்.

மூன்றாவது கோல் செயலின் விதம். காயம் பட்டதா என்றும் கேளாமல், நெஞ்சில் என்ன இருந்தது என்றும் கேளாமல், எவ்வாறு பாய்ந்தான் என்று மட்டும் கேட்பது. தலையைக் குனிந்து கவசத்தால் மோதினானா? தற்காத்துக்கொள்ள இயலாத நிலையில் இருந்தவனின் தலையையோ கழுத்தையோ தாக்கினானா? இவை கண்ணால் காணத் தக்கவை; ஆடுபவன் முன்னரே கற்றுத் தவிர்க்கத் தக்கவை.

அமெரிக்கர்கள் சிறிது சிறிதாக இம்மூன்றாவது கோலுக்கே வந்து சேர்ந்தனர். தேசியக் கால்பந்து லீக் எனப்படும் தொழில்முறை அமைப்பு 2018-இல் ஒரு விதியை இயற்றியது. தலையைத் தாழ்த்திக் கவசத்தால் மோதலைத் தொடங்குவது எவர் செய்தாலும் குற்றம். தண்டனை 15 கெஜம். தேவையானால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றம். பந்தோடு ஓடுபவனுக்கும் இது பொருந்தும் என்பதைக் குறிக்க வேண்டும். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு, 2017 டிசம்பரில், பிட்ஸ்பர்க் அணியின் ரயன் ஷேசியர் தலையைக் குனிந்து பாய்ந்து ஒருவரைத் தடுத்தபோது தம் முதுகெலும்பிலேயே பெருங்காயம் அடைந்தார். பெருமுயற்சிக்குப்பின் மீண்டும் நடந்தார். ஆனால் மீண்டும் ஆடவில்லை. ஆகவே அவ்விதி தாக்கப்படுபவனுக்கு மட்டுமன்றித் தாக்குபவனுக்கும் கேடயமாகும்.

ஆட்டக்காரர்களின் முறையீட்டையும் நாம் செவிமடுக்க வேண்டும். "நான் அவன் தோளைக் குறிவைத்தே பாய்ந்தேன், கடைசிக் கணத்தில் அவன் குனிந்தான், காற்றில் பாய்ந்த உடலை எப்படி நிறுத்துவேன்?" என்பது அவர்கள் வாதம். நம் வீட்டு அண்ணன் சொன்ன அதே சொல்! இதில் உண்மை இருக்கிறது. 2018-இல் புதிய விதியின் கீழ்க் கொடிகள் மளமளவென விழுந்து குழப்பம் மிகுந்தபோது, தற்செயலாக நேரும் கவச உரசல் குற்றமாகாது என்று லீக் விளக்கம் தர வேண்டியதாயிற்று. எதிரி குனிவது தாக்குபவன் கையில் இல்லை. ஆனால் தன் தலையை நிமிர்த்தி, தான் மோதப் போவதைக் கண்ணால் கண்டு மோதுவது அவன் கையில் இருக்கிறது. ஒருவன் கையில் உள்ளதற்கு அவனைப் பொறுப்பாக்குவது நீதி. இல்லாததற்குப் பொறுப்பாக்குவது கொடுமை.

தண்டிப்பவர் தவறினால்?

விதி நேர்மையாக இருந்தால் மட்டும் போதாது. அதைச் செலுத்துபவரும் மனிதரே. கல்லூரி ஆட்டங்களில் தலையைக் குறிவைத்துத் தாக்குவோர் உடனே வெளியேற்றப்பட வேண்டும் என்று 2013-இல் விதி செய்தனர். நடுவர் தவறியிருந்தால், ஒளிப்படத்தை மீண்டும் ஓடவிட்டுப் பார்த்து வெளியேற்றத்தை நீக்கலாம் என்றும் வகுத்தனர். இதுவரை நன்று. ஆனால் வெளியேற்றம் நீங்கினாலும் 15 கெஜத் தண்டனை அப்படியே நிற்கும் என்றும் வைத்தனர்! "நீ குற்றவாளி அல்லன், ஆயினும் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போ" என்பதுபோல் ஆயிற்று. இதன் அநீதி விரைவிலேயே உணரப்பட்டது. மறு ஆண்டே, 2014-இல், அவ்விதி திருத்தப்பட்டது.

திருத்தம் அத்தோடு நிற்கவில்லை. 2019 முதல், ஒளிப்படத்தில் குற்றத்தின் எல்லாக் கூறுகளும் உறுதியானால்தான் தண்டனை நிலைக்கும் என்றாயிற்று. ஐயம் இருந்தால் அதன் பயன் ஆட்டக்காரனுக்கே. அதுவரை வெளியேற்றப்பட்ட இளைஞன் திடலைவிட்டே போக வேண்டியிருந்தது. 2020 முதல் அவன் தன் அணியினரோடு ஓரத்தில் இருக்கலாம் என்று அனுமதித்தனர். தவறு செய்தவனை ஆட்டத்திலிருந்து விலக்குவது வேறு. தோழர்களிடமிருந்து விலக்கி அவமானப்படுத்துவது வேறு. இந்த வேறுபாட்டை உணர்ந்தது போற்றத்தக்கது.

தொழில்முறை ஆட்டத்தில் பண அபராதம் உண்டு. அதை எதிர்த்து முறையிடுவோரின் வழக்கைக் கேட்பவர்கள் முன்னாள் ஆட்டக்காரர்கள். லீக்கும் ஆட்டக்காரர் சங்கமும் சேர்ந்து அவர்களை நியமிக்கின்றன. முதல் முறை குற்றத்துக்கான அபராதம் தன் ஒரு வார ஊதியத்தில் 25 சதவீதத்தைக் கடந்தால், அதைக் குறைக்குமாறு வேண்டவும் ஆட்டக்காரனுக்கு வழியுண்டு. பெருஞ்செல்வனுக்கு ஊசி குத்தியதுபோல் இருக்கும் அபராதம், புதிதாய் வந்தவனுக்கு முதுகெலும்பை முறிக்கும் சுமையாகிவிடக் கூடாதன்றோ!

இத்தனை ஏற்பாடுகளுக்குப் பின்னும் நீதி தவறுவதுண்டு. 2019 சனவரி 20-இல் நியூ ஆர்லியன்ஸ் நகரில், இறுதிப் போட்டிக்குச் செல்வது யார் என்பதைத் தீர்மானிக்கும் ஆட்டம் நடந்தது. முடிவுக் கட்டத்தில், பந்து வந்து சேருமுன்னரே லாஸ் ஏஞ்சல்ஸ் அணியின் நிக்கெல் ரோபி-கோல்மன் எதிரணி வீரரை மோதி வீழ்த்தினார். கவசத்தோடு கவசமும் மோதியது. நடுவர்கள் கொடியை எறியவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் அணி 26-23 என்ற கணக்கில் வென்றது. சில நாட்களுக்குப்பின் அதே மோதலுக்காக அவருக்கு 26,739 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. குற்றம் குற்றமே என்று லீக் ஒப்புக்கொண்டது. ஆனால் ஆட்டம் திரும்பி வரவில்லை. காலம் தாழ்ந்த தண்டனை குற்றவாளியின் பையைத் தொட்டது. பாதிக்கப்பட்டோரின் இழப்பைத் தொடவில்லை.

தண்டிக்கப்படாதவர்கள்

நம்மை எல்லாவற்றினும் மிகுதியாக உறுத்துவது வேறொன்று. 2011 டிசம்பரில் பிட்ஸ்பர்க் அணியின் ஜேம்ஸ் ஹாரிசன், கிளீவ்லாந்து அணியின் கோல்ட் மெக்காயைக் கவசத்தால் தாக்கினார். அவருக்கு ஓர் ஆட்டம் தடை விதிக்கப்பட்டது. தகுந்த தண்டனையே. ஆனால் மூளை அதிர்ச்சியுற்ற மெக்காய், சற்று நேரத்திலேயே மீண்டும் திடலுக்கு அனுப்பப்பட்டார். மூளை அதிர்ச்சிக்கான சோதனை ஓரத்தில் செய்யப்படவில்லை. அதற்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. மேலிருந்து கவனித்து எச்சரிக்க மைதானந்தோறும் ஒரு பயிற்சி பெற்ற உதவியாளரை அமர்த்தியதே அதன் விளைவாகக் கிடைத்த நன்மை.

அதற்கு முந்திய ஆண்டு, 2010 அக்டோபரில், இதே ஹாரிசனுக்கு மற்றொரு மோதலுக்காக 75,000 டாலர் அபராதம் விதித்தது லீக். அம்மோதலின் புகைப்படமோ அப்போது லீக்கின் விற்பனைப் பட்டியலில் இருந்தது! கண்டனம் எழுந்த பின்னரே அது நீக்கப்பட்டது. ஒரு கையால் தண்டித்து, மறு கையால் அதையே விற்றுப் பொருள் ஈட்டுவது எவ்வகை நீதி? மோதலைக் கண்டு ஆரவாரிக்கும் கூட்டமும், "இன்னும் பலமாக" என்று பத்து வயதிலிருந்தே கற்பிக்கும் பயிற்சியாளரும், அதைக் காட்சிப் பொருளாக்கும் முதலாளிகளும் தண்டனைக்கு வெளியே நிற்கின்றனர். பிடிபடுபவன் கடைசியில் நிற்கும் இளைஞன் ஒருவனே. அவன் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அவன் மட்டுமே தண்டிக்கப்படுவது அரை நீதியே.

நம் வீட்டு வாசலில்

தொலைதூரத்து ஆட்டம் நமக்கு எதற்கு என்று எவரும் கேட்க வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நடுவர் இருக்கிறார். சில வீடுகளில் இருவர். இரத்தத்தை மட்டும் கண்டு கை ஓங்குகிறோமா, செயலைக் கண்டு திருத்துகிறோமா? அடி படாத நாளில் அந்த முரட்டுப் பாய்ச்சலைக் கண்டிக்கிறோமா? பிள்ளை சொல்வதைக் கேட்ட பின்னர்த் தீர்ப்புச் சொல்கிறோமா? தீர்ப்பில் தவறினோம் என்று அறிந்தால், "15 கெஜத்தையும்" திருப்பித் தருகிறோமா. அதாவது, "நான்தான் தவறாக எண்ணிவிட்டேன், கண்ணே" என்று சொல்ல நம் நாவு எழுகிறதா? எல்லாவற்றிற்கும் மேலாக, "விட்டுக்கொடுக்காதே, திருப்பி அடி" என்று நேற்று நாமே கற்பித்துவிட்டு இன்று அவனை மட்டும் தண்டிக்கிறோமா?

ஸ்டிங்லியின் வாழ்வில் ஒரு செய்தியோடு முடிப்போம். ஆண்டுகள் பல கழிந்தபின் டேட்டம் நீரிழிவு நோய்க்கு ஆளாகிக் காலை இழந்தார். தம்மை முடக்கியவருக்கு நேர்ந்த அத்துன்பத்தைக் கேட்டு ஸ்டிங்லி மகிழவில்லை. சக மனிதனின் துயரில் மகிழ முடியாது என்ற பொருள்படவே பேசினார். திடலில் எவரும் தராத தீர்ப்பைச் சக்கர நாற்காலியில் இருந்த அவர் தந்தார். அவருக்கு நேர்ந்தது பிறருக்கு நேராதிருக்கத்தான் விதிகள் வேண்டும். அவ்விதிகளைக் கையில் வைத்திருப்போர்க்கு அவருடைய உள்ளம் வேண்டும்.